பதினான்கு கையெழுத்துகள்

முதியோர் கல்வி வகுப்பு எடுக்கப் போனபோது எனக்கு இருபத்திரண்டு வயது. பி.யூ.சி. முடித்துவிட்டுப் போடியில் வீட்டில் சும்மா இருந்தேன். எழுபதுகளின் கடைசி. ஊர் ஊராகப் பெரியவர்களுக்குச் சாயங்கால வகுப்பு திறக்கிறார்கள், சொல்லிக்கொடுக்கப் படித்த பெண்கள் வேண்டும் என்று கேள்விப்பட்டு, அப்பா என் சான்றிதழ்களைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். வேலை தற்காலிகம்தான். ஆனால் இரண்டு வருடம் புகார் எதுவும் இல்லாமல் பார்த்துவிட்டால், ஆசிரியப் பயிற்சிக்கு ஆள் எடுக்கும்போது உங்களைக் கவனிப்பார்கள் என்று மேற்பார்வையாளர் சொன்னார். அவர் சொன்னதில் அந்த ஒன்றை மட்டும் நான் மறக்கவே இல்லை. பின்னால் நடந்ததற்கு அதுதான் காரணம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு இஷ்டமில்லை. ஆனால் அதைச் சொல்லாமல் இதை எழுதவும் முடியாது.

எனக்குக் கொடுத்த ஊர், போடியிலிருந்து தேவாரம் போகிற ரோட்டில் சிலமலையைத் தாண்டி உள்ளே தள்ளி இருந்தது. ஊர்ப் பெயர் வேண்டாம். சிலமலையில் சின்னம்மா வீட்டில் தங்கிக்கொண்டு நடந்து போய் வந்தேன். திரும்பும்போது சித்தப்பா சைக்கிளோடு வந்து நிற்பார். கீழத்தெருவில் இருந்த பால்வாடிதான் வகுப்பறை. பகலில் குழந்தைகள் கஞ்சி குடிக்கிற இடம். சாயங்காலம் ஏழு மணிக்கு அதே தரையில் அவர்களுடைய அம்மாக்கள் சிலேட்டோடு உட்கார்ந்தார்கள். மொத்தம் இருபத்து மூன்று பெண்கள்.

எல்லாரும் மலைக்குப் போகிறவர்கள். விடியுமுன்னே ஜீப்பு ஏறி, போடிமெட்டு தாண்டிக் கேரளப் பக்கத்து எஸ்டேட்டுகளில் ஏலக்காய் எடுத்துவிட்டு, இருட்டும் நேரத்தில் இறங்குவார்கள். நாள் முழுக்கச் செடியின் அடியில் குத்தவைத்துக் காய் எடுத்த விரல்களில் கறை ஏறியிருக்கும். குச்சியைப் பிடிக்கும்போது விரல் மடங்காது. மழைக் காலமென்றால் காலில் அட்டை கடித்த இடத்தில் ரத்தம் நிற்காமல் கசிந்துகொண்டிருக்கும். அதை முந்தானையால் துடைத்துக்கொண்டே 'அ' எழுதுவார்கள். பாதிப் பேர் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவார்கள். முதல் இரண்டு மாதம் படம், பட்டம், மரம் என்று நான் கத்தியது யார் காதிலும் ஏறவில்லை.

ஒரு நாள் ஒருத்தி எழுந்து நின்று சொன்னாள். "டீச்சர், இந்தப் பட்டம் எங்களுக்கு என்னத்துக்கு? பஸ்சு போர்டு படிக்கச் சொல்லிக்குடுங்க. எங்கிட்டுப் போகுதுன்டு ஒருத்தன்கிட்டக் கேட்டா, அவன் நம்மள மேலயும் கீழயும் பாக்குறான்."

அவளுக்கு அப்போது முப்பது வயது இருக்கும். புருஷன் மலையில் ஒரு எஸ்டேட்டில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் தீ போடுகிறவர். வாரம் ஒரு தடவைதான் இறங்குவார். இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை. நான் அவளை அக்கா என்று கூப்பிட்டேன். இங்கேயும் அக்கா என்றே எழுதுகிறேன். அவளுக்கு ஒரு தங்கச்சி, போன தையில்தான் கல்யாணம் ஆனவள். இரண்டு பேரும் ஒட்டியே உட்காருவார்கள்.

அக்கா சொன்னது எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அன்றிலிருந்துதான் வகுப்பு வகுப்பானது. பஸ்சு போர்டுகளை எழுதிப் போட்டேன். எல்லாரையும் ரேஷன் கார்டு கொண்டுவரச் சொன்னேன். தன் கார்டில் என்ன இருக்கிறது என்று அவர்களுக்கு முதல் தடவையாகத் தெரிந்தது. செத்துப்போன மாமியார் ஒருத்தி கார்டில் உயிரோடு இருந்தாள். உயிரோடு இருக்கும் பிள்ளைகள் இரண்டு அதில் இல்லை. ஒருத்தியின் கார்டில் அவள் பெயரே இல்லை, 'மனைவி' என்று மட்டும் இருந்தது. அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பஞ்சாயத்து என்றால் என்ன, தாலுகா ஆபீஸ் எதற்கு, கலெக்டர் யாருக்கு வேலைக்காரர் என்றெல்லாம் ஆவேசமாகப் பேசினேன். நாமெல்லாம் குடிமக்கள், கேட்பது நம் உரிமை, கொடுப்பது அவர்கள் கடமை என்றேன். நானே அதுவரை எந்த ஆபீஸ் வாசலையும் மிதித்ததில்லை. புத்தகத்தில் இருந்ததை என் வாயால் சொன்னேன், அவ்வளவுதான்.

எல்லாவற்றையும்விடக் கையெழுத்துப் போடுவதில்தான் பிடிவாதமாக இருந்தேன். கைநாட்டு வைப்பது கேவலம் என்று தினமும் சொன்னேன். நான் வேறு எதையும் அவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுத்ததில்லை. ஆறேழு மாதத்தில் பதினான்கு பேர் தங்கள் பெயரைத் தெளிவாக எழுதினார்கள். அக்காவின் கையெழுத்து அச்சுப் போல இருக்கும்.

ஐப்பசி மழையில் அந்தத் தங்கச்சி ஜீப்பிலிருந்து விழுந்தாள்.

அந்த ஊரிலிருந்து மலைக்கு இரண்டு ஜீப்பு போயின. இரண்டும் பஞ்சாயத்துத் தலைவருடையவை. எந்த எஸ்டேட்டுக்கு எத்தனை ஆள் என்று பேசி அனுப்புவதும் அவர்தான். அவர் வண்டியில் ஏறவில்லையென்றால் மலையில் வேலை இல்லை. டிரைவர் பக்கத்தில் நாலு பேர், உள்ளே பத்துப் பன்னிரண்டு பேர், பின்னால் பலகையில் நின்றபடி கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆறு பேர். அன்றைக்குத் தங்கச்சி பின்னால் நின்றிருந்தாள். கொண்டை ஊசி வளைவு ஒன்றில் ஈரக் கம்பியிலிருந்து கை வழுக்கிவிட்டது. அதே ஜீப்பில் போட்டுப் போடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். இடுப்பெலும்பு. மூன்று மாதம் படுக்கையில் கிடந்து எழுந்தபோது ஒரு கால் இழுத்தது. குத்தவைத்து உட்கார முடியாதவள் ஏலக்காய் எடுக்க முடியாது. அவள் புருஷன் ஒரு நாள் வந்து, அவளை அக்கா வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனவன் திரும்பி வரவில்லை.

தலைவர் ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தார். ரொட்டி வாங்கி வந்திருந்தார். ஓரத்தில் நிற்காதீர்கள் என்று எத்தனை தடவை சொல்வது என்று அவளிடமே வருத்தப்பட்டாராம். உள்ளே இடம் எங்கே இருந்தது என்று யாரும் கேட்கவில்லை.

வகுப்பில் மனு எழுதும் பாடம் வந்தது அதற்குப் பிறகுதான். புத்தகத்தில் தெருவிளக்கு வேண்டி ஒரு மாதிரி மனு இருந்தது. அதைக் கரும்பலகையில் எழுத ஆரம்பித்தேன்.

"தெருவெளக்கு கெடக்கட்டும் டீச்சர்," என்றாள் அக்கா. "காலைல ஒரு பஸ்சு கேப்போம். அஞ்சரைக்கு இங்கருந்து கெளம்பி மெட்டு வரைக்கும். அங்கிட்டுப் போயி எறங்கிக்கிட்டா நடந்துகூடப் போயிருவோம்."

நான் சொல்லிக்கொடுத்தது பலித்துவிட்டது என்று நினைத்தேன். தெருவிளக்கை அழித்துவிட்டுப் பெறுநர், அனுப்புநர், பொருள் என்று புதிதாக ஆரம்பித்தேன். ஆளுக்கொரு வரி சொன்னார்கள், நான் அதைத் திருத்தி எழுதினேன். அப்புறம் நானாக ஒரு வரி சேர்த்தேன். 'தற்போது ஒரே ஜீப்பில் இருபத்திரண்டு பேரை ஏற்றிச் செல்வதால் ஒரு பெண் கீழே விழுந்து ஊனமடைந்தார்.'

அக்கா அதை மெதுவாக எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "இது வேணாம் டீச்சர்," என்றாள். "பஸ்சு மட்டும் கேப்போம். ஜீப்பு அவுக வண்டி."

காரணம் எழுதாவிட்டால் மனு நிற்காது, யார் வண்டி என்று நாம் எழுதவில்லையே, உண்மையை எழுத எதற்குப் பயப்பட வேண்டும் என்று நான் பேசினேன். டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருப்பாள். கரும்பலகையைப் பார்த்து அவள்தான் வெள்ளைத் தாளில் எழுதினாள். ஒரு அடித்தல் இல்லை.

கையெழுத்துப் போடும்போது ஐம்பது வயதுக்கு மேலான ஒரு அம்மா தயங்கினார். அவருக்கும் பெயர் எழுத வரும். ஆனாலும் கட்டைவிரலை நீட்டிக்கொண்டு, "நான் நாட்டு வச்சுக்கிறேனே ஆத்தா," என்றார். இத்தனை மாதம் படித்தது இதற்குத்தானா என்று எல்லார் முன்னாலும் அவரைக் கடிந்துகொண்டேன். அவர் பேனாவை வாங்கிக் கோணல்மாணலாகத் தன் பெயரை எழுதினார். ஆகப் பதினான்கு கையெழுத்து, ஒன்பது கைநாட்டு. மறுநாள் போடிக்குப் போய் நானே கலெக்டருக்குத் தபாலில் சேர்த்தேன். அனுப்புநர் இடத்தில் அக்காவின் பெயர் இருந்தது. என் பெயர் எங்கேயும் இல்லை. ஆசிரியர் கையெழுத்துப் போடக்கூடாது, இது மக்களின் மனு என்று அவர்களிடம் விளக்கியிருந்தேன். அதையும் அவர்கள் நம்பினார்கள்.

இருபது நாள் கழித்து ஒரு கார்டு வந்தது. அக்கா அதை மடியில் கட்டிக்கொண்டு வகுப்புக்கு வந்தாள். தன் பெயருக்கு வந்த முதல் தபால் என்றாள். எழுந்து நின்று வாசித்தாள். 'தங்கள் மனு தக்க நடவடிக்கைக்காக உரிய அலுவலருக்கு அனுப்பப்பட்டுள்ளது.' எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கலெக்டர் பார்த்துவிட்டார், இனி பஸ்சு வந்துவிடும் என்று அர்த்தம் சொன்னேன். உரிய அலுவலர் யார் என்று எனக்குத் தெரியாது. அந்தக் காகிதம் அப்போது எங்கள் மாவட்டத் தலைநகராக இருந்த மதுரையிலிருந்து தாலுகா ஆபீசுக்கு வந்து, அங்கிருந்து அந்த ஊர்க் கிராம அதிகாரியின் கைக்கு விசாரிக்கச் சொல்லி வரும் என்பது தெரியாது. அவர் தலைவருக்குச் சம்பந்தி முறை என்பது தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரியவில்லை.

அடுத்து நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை. அவர்கள் சொல்லித்தான் தெரியும். ஒரு திங்கட்கிழமை விடியற்காலையில் ஜீப்பு வந்து நின்றதும் டிரைவர் யாரையும் ஏறவிடவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தான். இதில் பேர் உள்ள ஆளை ஏற்ற வேண்டாம் என்று தலைவர் கொடுத்துவிட்டிருக்கிறார் என்றான். அவனுக்கு வாசிக்கத் தெரியாது. கூட்டத்தைப் பார்த்துவிட்டு அக்காவிடம் நீட்டினான்.

"நீதான படிச்சவ. இந்தா, நீயே வாசி."

அக்கா ஜீப்பின் முன்விளக்கு வெளிச்சத்தில் போய் நின்று வாசித்தாளாம். முதலில் அவள் பெயர். அடுத்து மற்ற பதிமூன்று பேர். மனுவில் கையெழுத்து இருந்த வரிசையிலேயே இருந்தது. வாசிக்க வாசிக்க ஒவ்வொருத்தியாக நகர்ந்து ஓரத்தில் நின்றார்கள். கைநாட்டு வைத்த ஒன்பது பேரில், வேலைக்குப் போக முடியாத தங்கச்சியைத் தவிர மற்ற எட்டுப் பேரும் வண்டி ஏறினார்கள். எந்த ரேகை யாருடையது என்று கண்டுபிடிக்க யாரும் மெனக்கெடவில்லை. கோணலாக எழுதிய அந்த அம்மாவின் பெயரையும் சரியாகவே படித்து எழுதியிருந்தார்கள்.

அன்று சாயங்காலம் பால்வாடிக்குப் போனபோது பதினான்கு பேரும் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தார்கள். பகல் முழுக்க வேலைக்குப் போகாததால் யார் கையிலும் புதுக் கறை இல்லை. யாரும் என்னைத் திட்டவில்லை. அடுத்து என்ன எழுத வேண்டும், யாருக்கு எழுத வேண்டும் என்று அக்கா கேட்டாள். சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு எல்லாரும் தயாராக இருந்தார்கள். இது சட்டவிரோதம், மறுபடி ஒரு மனு போடலாம் என்று ஏதோ சொன்னேன். கையில் சாக்கட்டியை எடுத்தேன். ஒரு வரியும் எழுதவில்லை. தலைவலி என்று சொல்லி வகுப்பை முடித்துவிட்டேன்.

சனிக்கிழமை மேற்பார்வையாளர் சின்னம்மா வீட்டுக்கே வந்துவிட்டார். நல்ல மனிதர்தான். காபி குடித்துவிட்டு, நாளைக்குப் பால்வாடியில் விசாரணை வைத்திருக்கிறார்கள், தாலுகாவிலிருந்து ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றார். மனுவை எழுதச் சொன்னது டீச்சர்தான் என்று தலைவர் மேலே எழுதியிருக்கிறாராம். அரசாங்கத் திட்டத்தில் இருந்துகொண்டு அரசாங்கத்துக்கு எதிராக ஆளைத் தூண்டினதாகப் பேர் வந்தால் இந்த வேலை மட்டுமில்லை, எந்த வேலையும் கிடைக்காது என்றார். "நீங்க எழுத்து சொல்லிக்குடுத்தீங்க. அதுக்கு மேல உங்களுக்கு எதுவும் தெரியாது. அப்படித்தானே?" என்று கேட்டார். சின்னம்மா, ஆமாம் அப்படித்தான் என்று எனக்காகச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொரு மணி. பால்வாடியில் இரண்டு நாற்காலி போட்டிருந்தார்கள். ஒன்றில் இன்ஸ்பெக்டர், இன்னொன்றில் தலைவர். யார்மீது புகாரோ அவரே விசாரணையில் நாற்காலியில் இருந்தார். அதை விநோதமாக யாரும் பார்க்கவில்லை. பெண்கள் தரையில் வழக்கமாக உட்காரும் இடங்களிலேயே உட்கார்ந்திருந்தார்கள். தங்கச்சி சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். நான் கரும்பலகைப் பக்கம் நின்றேன்.

தலைவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நம்ம டீச்சரம்மா சின்னப்பிள்ளை, விவரம் தெரியாது, யாரோ பேச்சைக் கேட்டு நடந்திருக்கும் என்று இன்ஸ்பெக்டரிடம் சொன்னார். இன்ஸ்பெக்டர் மனுவை என் முன்னால் நீட்டினார். ஜீப்பைப் பற்றிய வரிக்குக் கீழே சிவப்பு மையில் கோடு போட்டிருந்தது.

"இந்த வரிய எழுதச் சொன்னது யாரு?"

அந்தத் தாளில் இருந்தது அக்காவின் எழுத்து. அந்த வரி என்னுடையது. வேண்டாம் என்று அவள் சொன்னது என் காதில் அப்போதும் கேட்டது. "தெரியாது சார். நான் எழுத்து மட்டும்தான் சொல்லிக்குடுத்தேன். மனு போட்டது எனக்குத் தெரியாது," என்றேன்.

இருபத்து மூன்று பெண்கள் அதைக் கேட்டார்கள். ஒருத்தி வாயைத் திறக்கப் போனாள். பக்கத்தில் இருந்தவள் அவள் தொடையில் கை வைத்தாள். அக்கா எழுந்து நின்றாள்.

"நாந்தேன் எழுதுனேன் அய்யா. அந்த வரியும் நாந்தேன். டீச்சருக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல."

அப்படியே எழுதிக்கொண்டார்கள். அதற்குக் கீழே நான் கையெழுத்துப் போட்டேன், அவளும் போட்டாள். கூட்டம் நெரிசலாக ஏறியதில் தவறி விழுந்ததாகவும், மனுதாரர்கள் தவறான புரிதலில் எழுதிவிட்டதாகவும், பஸ் விடும் அளவுக்குப் பயணிகள் இல்லை என்றும் விசாரணை முடிவு போனது. ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. தலைவர் எல்லாருக்கும் கலர் வாங்கி வரச் சொன்னார். பெண்கள் யாரும் குடிக்கவில்லை. என் கையிலும் ஒரு பாட்டிலைக் கொடுத்தார்கள். நான் குடித்தேன். எதற்குக் குடித்தேன் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

எல்லாரும் போன பிறகு அக்காவின் பின்னாலேயே போனேன். அவள் தங்கச்சியைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு நடந்தாள். நான் அழுதேன். மன்னித்துக்கொள் அக்கா என்றேன். அவள் நின்று திரும்பினாள். கோபமாகப் பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

"ஒங்களக் காப்பாத்தணும்டு சொல்லல டீச்சர். அந்த ஆள் முன்னாடி நீங்க நின்ட நிலையப் பாக்க முடியல. அதுக்குத்தேன் சொன்னேன். போங்க, ஒங்க சோலியப் பாருங்க."

ஒரு மாதத்துக்குள் பத்துப் பேர் தலைவர் வீட்டு முற்றத்தில் போய் நின்று, டீச்சர் பேச்சைக் கேட்டுத் தெரியாமல் செய்துவிட்டோம் என்று சொல்லி மறுபடி ஜீப்பு ஏறினார்கள். அந்த வயதான அம்மா முதலில் போனார். பின்னால் பலகையில்தான் இடம் கொடுத்தார்களாம். இரண்டு பேர் உள்ளூரில் களையெடுக்கப் போனார்கள். ஒருத்தி பிறந்த ஊருக்கே போய்விட்டாள். அக்கா மட்டும் யார் வாசலுக்கும் போகவில்லை. குழந்தையையும் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு மலையிலேயே புருஷன் வேலை பார்த்த எஸ்டேட்டில் தொழிலாளர்களுக்கென்று வரிசையாகக் கட்டிய லயத்து வீடு ஒன்றில் போய்க் குடியேறினாள். போகிற அன்று பால்வாடிச் சன்னலில் சிலேட்டையும் புத்தகத்தையும் வைத்துவிட்டுப் போயிருந்தாள். அரசாங்கச் சாமான், திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று நான்தான் முன்பு சொல்லியிருந்தேன்.

வகுப்புக்கு வருகிறவர்கள் ஏழாகி, நாலாகி, ஒரு சாயங்காலம் நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். ஆனாலும் வருட முடிவு அறிக்கையில் இருபத்து மூன்று பேர் எழுத்தறிவு பெற்றதாக எழுதினேன். மேற்பார்வையாளர் அப்படித்தான் எழுத வேண்டும் என்றார். அவர் சொன்னது போலவே எனக்குப் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. முடித்ததும் போடிக்கு அருகிலேயே ஒரு பள்ளியில் வேலையும் கிடைத்தது. கல்யாணம் ஆனது. அந்த ஊர் ரோட்டில் போக வேண்டி வந்தால் பஸ்சில் மறுபக்கச் சன்னலோரம் உட்காருவேன்.

எண்பதுகளில் அந்த ஊருக்குக் காலை பஸ்சு வந்தது. ஒரு தேர்தலுக்கு முன்னால் தலைவரே அதைக் கொண்டுவந்ததாகச் சொன்னார்கள். மாலை போட்டு அவர்தான் ஓட்டிவைத்தார். அதற்குள் ஜீப்புகளை விற்றுவிட்டு லாரி வாங்கியிருந்தார்.

அந்தத் தேர்தலில் எனக்கு வாக்குச்சாவடி வேலை போட்டிருந்தார்கள். உத்தரவைப் பிரித்துப் பார்த்தால் அதே ஊர். மாற்றித் தரச் சொல்லிக் கேட்டுப் பார்த்தேன், முடியாது என்றுவிட்டார்கள். பட்டியலில் பெயரைச் சரிபார்க்கிற மேசை என்னுடையது. வந்தவர்களில் பழைய மாணவிகள் ஆறேழு பேர் இருந்தார்கள். இரண்டு பேர் சிரித்தார்கள். மற்றவர்களுக்கு என்னை அடையாளம் தெரியவில்லையோ, தெரிந்தும் காட்டிக்கொள்ளவில்லையோ.

பதினொரு மணி சுமாருக்கு அக்கா வரிசையில் வந்து என் முன்னால் நின்றாள். தலை பாதி நரைத்திருந்தது. பின்னால் தங்கச்சி கம்பு ஊன்றி நின்றாள். ஓட்டுப் போடுவதற்காக மலையிலிருந்து இறங்கி வந்திருந்தார்கள். மலையில் கேரளப் பட்டியலில் அவர்களைச் சேர்க்கவில்லை. நீங்கள் தமிழ்நாட்டுக்காரர்கள் என்று சொல்லிவிட்டார்களாம். நான் பட்டியலில் தேடினேன். அவள் பெயர் இருந்த இடத்தில் குறுக்கே கோடு அடித்திருந்தது. தங்கச்சி பெயருக்கும் அப்படியே. ஊரில் இல்லை என்று நீக்கியிருக்கிறார்கள்.

"பேர் இல்ல அக்கா," என்றேன்.

குனிந்து தலைகீழாகவே பட்டியலை வாசித்தாள். கோட்டுக்கு அடியில் இருந்த தன் பெயரை விரலால் தொட்டாள். பின்னால் இருந்தவர்கள் வெரசா நகரச் சொல்லிச் சத்தம் போட்டார்கள். தலைமை அதிகாரி என்ன பிரச்சினை என்று கேட்டார். பெயர் இல்லை சார் என்று சொன்னேன். வரிசையிலிருந்து அவர்களை விலகச் சொல்லச் சொன்னார். சொன்னேன். அந்தத் தடவை சட்டம் என் பக்கம் இருந்தது.

சாப்பாட்டு வேளையில் வெளியே ஓடிவந்து பார்த்தேன். பஸ்சுக்காகப் புளியமர நிழலில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். பெயர் சேர்க்க ஒரு பாரம் இருக்கிறது, நான் இப்போதே எழுதித் தருகிறேன், யாரிடம் கொடுக்க வேண்டும் என்றும் சொல்கிறேன் என்று படபடவென்று பேசினேன்.

"ரெண்டு தடவ குடுத்துட்டேன் டீச்சர்," என்றாள் அக்கா. குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. "எழுதுறத நான் எழுதிக்கிருவேன். வாங்குறவன் வாங்கணும்ல."

பேச்சை மாற்றுவதற்காக மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். அங்கேயே பள்ளிக்கூடத்தில் மலையாளம் படிக்கிறாள், கெட்டிக்காரி என்றாள். வீட்டில் தமிழ் எழுதச் சொல்லிக்கொடுக்கிறாயா என்று கேட்டேன். இல்லை என்று தலையசைத்தாள். நேரம் இல்லையா என்றதற்கு, நேரமெல்லாம் இருக்கிறது என்றாள். தங்கச்சி என்னைப் பார்க்கவே இல்லை. பஸ்சு வந்தது. படி உயரமாக இருந்ததால் தங்கச்சியை ஏற்ற நேரமானது. உதவிக்கு நான் கையை நீட்டினேன். கண்டக்டர் முந்திக்கொண்டு அவளைத் தூக்கிவிட்டார்.

மறுபடி மேசைக்குப் போய் ஐந்து மணி வரை பெயர்களைச் சரிபார்த்தேன். அதன்பிறகு அவர்களை நான் பார்க்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் எனக்குக் கொடுத்த பாடங்களில் குடிமையியலும் ஒன்று. எட்டாம் வகுப்பில் குடிமக்களின் உரிமைகளும் கடமைகளும் என்று ஒரு பாடம் உண்டு. ஓய்வுபெறும் வரை வருடா வருடம் அதை நடத்தினேன். புத்தகத்தில் இருப்பதைத் தாண்டி ஒரு வார்த்தை பேசியதில்லை. பரீட்சையில் அதிலிருந்து ஒரு ஐந்து மார்க் கேள்வி நிச்சயம் வரும். என் வகுப்புப் பிள்ளைகள் அதற்கு ஐந்துக்கு ஐந்து வாங்குவார்கள். மற்ற டீச்சர்கள் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறீர்கள் என்று கேட்பார்கள். மனப்பாடம் செய்யச் சொல்வேன் என்பேன்.